ஈரம் காயாத நெற்றி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்கு அவளைக் கூட்டிட்டு வந்ததே என் வீட்டுக்காரர்தான். எண்பத்து மூணு, மழைக்காலம். கேன்வாஸைப் பஸ்ல மடியில வச்சுக்கிட்டு வந்தாரு. எப்பவோ எவரோ வரைஞ்ச ஒரு வெள்ளைக்காரி படத்தைப் பார்த்து, ஓவிய வகுப்புல அப்படியே வரையச் சொல்லியிருக்காங்களாம். புத்தகத்துப் படத்துல கட்டம் போட்டு, கேன்வாஸ்லயும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமா.

"அப்படித்தான் லா கத்துக்கணும், பூரணம்"னாரு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கல்யாணமான நாள்லேருந்து இந்த சிவசம்பு என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்ல. குழம்புல உப்பு கூடினாத்தான் நான் ஒருத்தி இருக்கறதே தெரியும். அவ கன்னத்துக்கு மட்டும் ஒரு வாரம், உதட்டுக்கு ஒரு வாரம். வீடு பூரா எண்ணெய்ச் சாயத்து வாடை.

ஒரு சாயங்காலம் அவரு மீன் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாரு. அவ முகம் இன்னும் காயல.

"குடும்பம் நடத்தவே வந்துட்டியேடி. இந்தா, இதையும் வச்சுக்கோ."

என் நெத்திக் குங்குமத்தை வழிச்சு அவ நெத்தியில அப்பினேன்.

விரலை எடுக்க வரல.

உள்ளேருந்து யாரோ பிடிச்சிருந்தாங்க.

பிடுங்கிக்கிட்டு அடுப்படிக்கு ஓடினேன். அவரு வந்து துணியால துடைச்சாரு, டர்பன்டைன் விட்டும் துடைச்சாரு. பொட்டு அசையல.

"உன் பொட்டைப் போய் யாருக்குக் கொடுத்த?"ன்னு மெதுவாக் கேட்டாரு.

அதுக்கப்புறம் என் நெத்தியில குங்குமம் நிக்கவே இல்ல. வைக்க வைக்க உதிர்ந்துச்சு. குளிச்சாலும் உடம்புல சாய வாடை.

ஆனா அவரு என்னைப் பார்க்க ஆரம்பிச்சாரு. ஒரு ராத்திரி சோறு போடறப்ப நிமிர்ந்தவரு கண்ணை எடுக்கல. "கொஞ்ச நேரம் அப்படியே நில்லு"ன்னாரு. எனக்குக் கூச்சம். சந்தோஷமும்தான், பொய் சொல்ல மாட்டேன். அவளை ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன்.

மறுநாள் காலையில பக்கத்து வீட்டு குணபூசணி அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தாங்க. தினம் என்னைப் பார்க்கறவங்க. கதவைத் திறந்ததும் ஒரு அடி பின்னால போனாங்க. தயங்கித் தயங்கி இங்கிலீஷ்ல கேட்டாங்க.

"எக்ஸ்கியூஸ் மீ மேடம்... பூரணம் இல்லையா?"

"அக்கா, நான்தான்க்கா."

அவங்க முகம் வெளுத்துப் போச்சு.

உள்ளேருந்து அவரு குரல் வந்துச்சு. அவ்வளவு கனிவா எங்கிட்ட அவரு பேசினதே இல்ல.

"பூரணம் இல்லைன்னு சொல்லிடும்மா."