கீழ்மடிப்புக்குள் கனம்

கிட்ட வாங்க கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. என் குரல் முன்னைப் போல ஏறுவதில்லை, நீங்கள்தான் நெருங்கி வரவேண்டும். கதவோரம் உட்கார்ந்திருக்கிற செல்லமே, நீயும் வா. இந்தக் கதையை முதுகுக்குப் பின்னால் காலி இடம் வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது. தன் வீட்டு ஜன்னலுக்குத் தானே திரை தைத்த ஒருத்தியின் கதை. பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிப்பதற்கு முன்னால் அது யார் கை என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில் அவளுக்கு முதலில் தப்பாகப் பட்டது ஒரு ஓட்டை. இருந்த ஓட்டை இல்லை, இல்லாத ஓட்டை.

திரைக்கம்பி மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்றபடி படுக்கையறை ஜன்னலுக்கு மேலே சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, இது பழைய வீடுதானே?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடி கட்டினதாம்."

"அதான் கேக்கறேன். ஹால் செவுரு பூரா ஆணி ஓட்டை. ஜன்னல் பக்கம் மட்டும் ஒருத்தரும் கை வைக்கல. இத்தன குடித்தனம் வந்து போயிருக்கு, யாருமே திரை போடலியா?"

"வெக்கங்கெட்டவங்களா இருந்திருப்பாங்க."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. டிரில்லைச் சுவரில் வைத்து அழுத்தினார். செங்கல் தூள் அவள் தலையில் கொட்டியது. ரொம்ப நாள் திறக்காத பெட்டியைத் திறந்தால் வருமே, அப்படி ஒரு வாசம் அறை முழுக்கப் பரவியது.

அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. தெருவே மாத்திரை அக்கா என்றுதான் கூப்பிடும். நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம். ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிறவள், இடுப்பைத் தொடும் பின்னல். வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பேர்.

அக்கா கட்டிக்கொண்டு போன வீட்டில் அவளை ஒரு கதவைக்கூடத் தாழிட விட்டதில்லை. குளியலறையில் கொஞ்சம் நேரமானால் வாசலில் புருஷன் குரல் வரும்: "உள்ள என்ன பண்ற?" அழுவதற்காக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்தாலும் அதே கேள்வி. "உள்ள என்ன பண்ற?" ஒருநாள் சிட்டுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். திரும்பவில்லை. இந்த வீட்டுக்கென்று அவள் முதலில் வாங்கியது அடுப்பும் இல்லை, பாத்திரமும் இல்லை. துணி. கனமான நீலப் பருத்தி, வெள்ளைக் கொடியோடியது.

தையல் மெஷினைத் தங்கை கொண்டுவந்து வைத்தாள். தையலில் அவள் கெட்டிக்காரி, வாயில் அதைவிட.

"கோணல்மாணலா தைக்காத. அக்காவுக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியலன்னு என்னத்தான் திட்டுவாங்க."

"என் வீட்டு ஜன்னல், என் கோணல். உனக்கென்னடி?"

"சரி தாயே. ஒண்ணு மட்டும் கேளு. கீழ்மடிப்ப இப்பவே தைக்காத. பருத்தி தொங்கத் தொங்க இறங்கும். குண்டூசி குத்தி மாட்டி வை. நல்லா இறங்கினப்புறம் மடிச்சுத் தை. மடிப்புக்குள்ள ஏதாவது கனமா போடு, இரும்பு வாஷர் மாதிரி. காத்துல தூக்காது."

உங்களுக்குத் தெரியும்தானே? திரையின் அடிப்பக்கத்தை மடித்தால் துணிக்குள் ஒரு குழாய் மாதிரி வழி விழும். இரண்டு பக்கமும் வாய் திறந்திருக்கும். அந்த மடிப்பு ஜன்னல் பார்த்து இருக்கும், நல்ல பக்கம் அறை பார்த்து இருக்கும். வீட்டில் இருப்பவர் கண்ணுக்கு அழகு, வெளியில் இருப்பவருக்குத் தையலும் பிசிறும்.

திரை மாட்டிய சாயங்காலம் அக்கா அதை இழுத்து மூடிவிட்டு, விளக்கைப் போட்டு, கதவைத் தாழிட்டு, சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு காரணமும் இல்லாமல் ஆடினாள். புதுத்துணியின் கஞ்சி வாசத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் தரையில் விழுந்து சிரித்தார்கள். யாரும் கேட்கவில்லை, உள்ளே என்ன பண்ணுகிறீர்கள் என்று.

அடுத்த நாள் விளக்கு போடும் வேளை. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளின் காதில், குழாய் சொட்டும் சத்தத்துக்கும் பக்கத்து வீட்டு டிவியின் முணுமுணுப்புக்கும் அடியில், கனமான கத்தரிக்கோல் துணியில் மெதுவாக, அவசரமே இல்லாமல், வாய் திறந்து மூடி, வாய் திறந்து மூடி நகர்வது போல ஒன்று கேட்டது. கூடவே, ஈரத்துணி மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து மறந்துவிட்டால் எழுமே, அந்தக் கருகல் வாசமும் படுக்கையறைப் பக்கமிருந்து வந்தது. போய்ப் பார்த்தாள். சிட்டு கட்டிலில் படம் வரைந்துகொண்டிருந்தாள். மெஷின் மூடியபடி இருந்தது. திரை மட்டும் ஒரு சாண் ஏறியிருந்தது.

தங்கைக்குப் போன் போட்டாள். "இறங்கும்னு சொன்ன. ஏறுதுடி."

"நனைக்காம வெட்டிட்டியா?"

"நனைச்சுக் காயப்போட்டுத்தான் வெட்டினேன்."

"அப்ப நீ வளந்திருப்ப."

அக்காவும் சிரித்துவிட்டு வைத்தாள். பிறகு குனிந்து திரையின் அடியைப் பார்த்தாள். குண்டூசிகள் ஒன்றுவிடாமல் ஜன்னல் திட்டில் வரிசையாகக் கிடந்தன. மடிப்பு தைக்கப்பட்டிருந்தது. எள்ளைவிடப் பொடியான தையல், கைத்தையல். அவள் விரலால் ஏழு பிறவி எடுத்தாலும் வராத தையல். அது கூடப் பெரிதில்லை. மடிப்பு அறைப்பக்கம் திரும்பியிருந்தது. பிசிறும் முடிச்சும் அவளைப் பார்த்து இருந்தன.

அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்தாள். திரை தைக்கிறவர் தன் அறை பார்த்து நல்ல பக்கத்தை வைப்பார். இதைத் தைத்தவருக்கு அறை அந்தப் பக்கம். இந்தக் கட்டில், இந்த விளக்கு, படம் வரையும் இந்தக் குழந்தை எல்லாம் வெளி. வேடிக்கை பார்க்கும் இடம்.

திரையைச் சரேலென்று விலக்கினாள். கண்ணாடி. அதற்கப்பால் பக்கத்து வீட்டின் மொட்டைச் சுவர். நடுவில் பூனைகூட ஒருக்களித்துத்தான் போகும் சந்து. யாரும் நிற்க இடமில்லை. கண்ணாடியின் கீழ் ஓரத்தில், கட்டிலில் படுப்பவரின் முகம் இருக்கும் உயரத்தில், மூச்சுக்காற்றின் ஆவி வட்டமாகப் படிந்திருந்தது. விரலால் துடைத்தாள். துடைபட்டது. உள்பக்கத்து ஆவி.

மறுநாள் காலை சிட்டுவுக்குத் தலை பின்னும்போது கை நின்றது. எப்போதும் பிரிபிரியாகச் செம்பட்டையாக இருக்கும் பின்னல் நுனி, தட்டையாக இருந்தது. ஒரே வெட்டு.

"யாருடி வெட்டினது?"

"தெரிலம்மா."

"பள்ளிக்கூடத்துல யாராவது?"

"இல்ல. நேத்து பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் தூங்கறப்ப நீ ரொம்ப நேரம் தலையத் தடவிக் குடுத்தியே. அப்ப சரியாத்தான் இருந்துச்சு."

அக்கா தடவிக் கொடுக்கவில்லை.

சீப்பைக் கீழே வைத்தாள். திரையிடம் போனாள். மடிப்பின் பொடித் தையலை நகத்தால் நெம்பி ஒரு இழையை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நூல் இல்லை. செம்பட்டை முடி.

அன்று சிட்டு பள்ளிக்கூடத்திலிருந்து நேரே சித்தி வீட்டுக்குப் போனாள். மறுநாள் பார்க்கப் போன அக்காவின் கையைத் தங்கை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"நீயும் இங்கயே இருக்கா. அந்த வீடு வேணாம்."

"திரையக் கழட்டிட்டு நேத்து ராத்திரி இருந்து பாத்தேன்டி. ஒண்ணுமே இல்ல. சத்தமில்ல, வாசமில்ல."

"அப்பக் கழட்டியே போடேன்! பேயோ பிசாசோ, திரை இல்லன்னா சும்மா இருக்குன்னா விட்டுத்தொலை. உனக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாம் அப்படித்தானே இருந்திருக்காங்க?"

"இருந்திருக்காங்க." அக்கா கையை விடுவித்துக்கொண்டாள். "தெறந்து கெடந்தா அது சும்மா இருக்கு. மூடினாத்தான் கோவம் வருது. இந்த மாதிரி ஒரு ஆளோட நான் குடித்தனம் பண்ணி முடிச்சாச்சு. இன்னொண்ணு வேணாம்."

"புள்ள முடியில கை வச்சிருக்குக்கா."

"அதான் போறேன்."

வெயில் சாயும்போது வீட்டுக்குள் வந்தாள். முடித்தையல் முழுவதையும் பிரித்தாள். பிரித்த முடியைக் காகிதத்தில் மடித்து, யாரும் எடுக்க முடியாதபடி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். ஏறிய துணியை இறக்கிவிட்டாள். போதாத இடத்துக்குப் பழைய போர்வையைக் கிழித்து ஒட்டுப் போட்டாள். தரை தொடுகிற நீளம். மடிப்பை ஜன்னல் பார்த்துத் திருப்பி, கறுப்பு நூலை இரட்டையாகப் போட்டு மெஷினில் ஓட்டினாள். கோணல்தான். ஆனால் கெட்டி. மடிப்பின் இடதுபக்க வாயைத் தைத்து அடைத்தாள். வலதுபக்க வாயை மட்டும் திறந்தே விட்டாள். தங்கை சொன்னபடி வாங்கிய வாஷர்கள் மேஜைமேல் கிடந்தன. ஒன்றையும் உள்ளே போடவில்லை.

திரையை மாட்டினாள். இழுத்து மூடினாள். பருமனான ஊசியில் நூல் கோத்து, முடிச்சுப் போட்டு, திரையின் வலது ஓரத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே வானம் நீலத்திலிருந்து சாம்பலுக்குப் போயிற்று. தெருவில் ஒரு சைக்கிள் மணி, யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடும் குரல், ஒரு கதவு சாத்தும் ஓசை. பிறகு அவை ஒவ்வொன்றாக, யாரோ கம்பளி போர்த்திவிட்டது போல மங்கி, அவளுடைய மூச்சு மட்டும் மிச்சமிருந்தது.

பிறகு அவளுடையது மட்டும் இல்லை.

துணிக்கு அந்தப் பக்கம், அவள் முகத்துக்கு நேராக, அதே உயரத்தில், இன்னொரு மூச்சு. அவள் இழுத்தால் அது விட்டது. அவள் விட்டால் அது இழுத்தது. வெள்ளைக்கொடிகள் உள்வாங்கின. உப்பின.

கருகல் வாசம்.

அக்கா அசையவில்லை. ஊசி பிடித்த கையை மடியில் ஊன்றிக்கொண்டாள். கைதான் முக்கியம்.

திரையின் அடியில் எதுவோ தடவியது. தையலைத் தேடியது. அவளுடைய கோணல் தையல் மேலே, ஒவ்வொரு துளையாக. கறுப்பு நூலை நெம்பியது. நூல் அசையவில்லை. மறுபடி நெம்பியது. பிறகு ஓரமாக நகர்ந்து வந்தது. திறந்த வாயைக் கண்டுகொண்டது.

நுழைந்தது.

மடிப்புக்குள் ஒரு மேடு. விரல் நுனி. அதன் பின்னால் ஒரு கணு. அப்புறம் ஒரு கணு. இன்னொன்று. இவ்வளவு கணு ஒரு விரலுக்கு ஆகாது. இன்னொன்று. துணிக்குள் நெளிந்து, நெளிந்து, இடதுபக்கம் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. உள்ளிருந்து தையலைப் பிரிக்கப் போகிறது.

போகட்டும்.

இன்னும் போகட்டும்.

கடைசி முனையில் முட்டி நின்றது. அடைத்த வாய்.

அக்கா குத்தினாள்.

ஊசி துணியில் இறங்கி, துணியில்லாத எதிலோ இறங்கி, மறுபக்கம் வந்தது. இழுத்தாள். குத்தினாள். இழுத்தாள். திரை முழுவதும் உதறியது. கம்பி முனகியது. செங்கல் தூள் உதிர்ந்தது. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு முழு உடம்பின் கனம் துணியோடு அவள் மேல் சாய்ந்தது. தோள், நெற்றி, திறந்த வாய். குளிர். அவள் நெற்றியைக் கொடுத்து முட்டிக்கொண்டே தைத்தாள். விரலில் ஊசி ஏறியது. ரத்தத்தில் நூல் வழுக்கியது. விடவில்லை. சுற்றிச் சுற்றிக் கட்டினாள்.

முடிச்சு.

இன்னொரு முடிச்சு.

திரைக்குப் பின்னால், நூலைப் பல்லால் கடித்து அறுக்கும்போது வருமே, அந்த ஓசை. ஆனால் பெரிதாக. ஈரமாக.

கனம் விலகியது. மீதி எதுவோ, கண்ணாடியோடு உரசிக்கொண்டு, மேலே, உத்தரத்தின் பக்கம் போயிற்று. அப்புறம் சத்தமில்லை.

மடிப்புக்குள் மட்டும் கனம் இருந்தது.

அக்கா வாயைத் துணியோரமாகக் கொண்டுபோனாள். கேட்டாள், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி.

"உள்ள, என்ன, பண்ற?"



சில நாள் கழித்துத் தங்கை சிட்டுவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சிட்டு ஓடிப்போய்க் கட்டிலில் விழுந்தாள். தங்கை வாசற்படியிலேயே நின்று படுக்கையறைத் திரையைப் பார்த்தாள். ஒட்டுப்போட்டு, கோணலாக, தரை தொட்டு, துளி அசைவில்லாமல் நின்றது.

"தையல் கேவலமா இருக்குக்கா. ஆனா என்னமா நேரா நிக்குது! வாஷரா போட்ட?"

"இல்ல."

"பின்ன?"

"கைல கெடச்சதப் போட்டுத் தைச்சேன். தொடாத."

தங்கை மேஜையைப் பார்த்தாள். வாஷர்கள் அங்கேயே கிடந்தன. அவள் சிரிப்பு மெல்ல நின்றது. அக்கா அவளைத் தாண்டிப் போய் மெஷினில் உட்கார்ந்தாள். மிச்ச நீலத்துணியை மடிமேல் விரித்தாள். சமையலறைக்கு இன்னும் திரை இல்லை. அந்த வெற்று ஜன்னல் கண்ணாடியில், மேல் ஓரத்தில், ஓர் ஆவி வட்டம் படிந்து மறைந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்தாள்.

அவளுக்குப் பின்னால், படுக்கையறைத் திரையின் கீழ்மடிப்புக்குள், கணு கணுவாக ஒன்று ஊர்ந்து கடைசிவரை போயிற்று, திரும்பி வந்தது, அவள் போட்ட கறுப்புத் தையலை ஒவ்வொன்றாகத் தடவித் தடவி, எங்கேயாவது ஒன்று இளகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா. கையை விடலாம். உங்கள் வீட்டு ஜன்னல் எல்லாம் உங்கள் கைக்குத் திறந்து, உங்கள் கைக்கே மூடட்டும். உங்கள் குழந்தைகளின் தலையைத் தடவும் கை உங்கள் கையாகவே இருக்கட்டும். நீங்கள் போட்ட முடிச்சு ஒன்றும் அவிழாமல், மூடிய கதவுக்குள் சிரித்து ஆடி நன்றாக இருங்கள்.