கத்திக்கு ஒரு பல் பரிசோதனை

தாரணியின் அப்பா சந்திரசேகரனுக்கு ஒரு வாரமாக மாடிப்படி இறங்கவே பயம். கீழ் வீட்டு அல்போன்சா ஆன்ட்டி கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்றுதான்.

ஆன்ட்டியின் மகன் விக்கி ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு மடக்குக்கத்தி வாங்கி அனுப்பினான். லேசில் தேயாத கெட்டி எஃகு. ஆனால் வந்த நாளிலிருந்தே அது எதையும் நறுக்காமல் நசுக்கியது. "குடுங்கக்கா, நான் தீட்டித் தர்றேன்" என்று அப்பா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

முதலில் சமையலறைக் கல்லில் தீட்டினார். கல்தான் தேய்ந்தது. பிறகு வைரத்தூள் பதித்த தகடு ஒன்றை வரவழைத்தார். கத்தி பளபளவென்று ஆனது. தக்காளி மட்டும் முன்போலவே நசுங்கியது.

சனிக்கிழமை காலை ஆன்ட்டியே மேலே ஏறி வந்துவிட்டார். மறுநாள் குருத்தோலை ஞாயிறு. விவேக் நகரில் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓலைச் சிலுவை செய்து கொடுப்பவர் அவர்தான்.

"சேகர் தம்பி, கத்தி ஆச்சா? இந்த வருஷம் விக்கி குடுத்த கத்தியாலதான் ஓலை நறுக்கணும்."

அப்பா தலையைச் சொறிந்தார். "எனக்கென்னவோ இது டூப்ளிகேட்டோன்னு தோணுதுக்கா."

ஆன்ட்டியின் முகம் வாடிப்போனது. "அப்போ என் பையனை யாரோ ஏமாத்திட்டாங்களா? தெரியாத ஊர்ல தனியா இருக்கான், பாவம்." படியை நோக்கித் திரும்பினார். "சும்மா கஷ்டப்படாதீங்க தம்பி. விக்கிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அவர் இறங்கிப் போவதைப் பார்க்கத் தாரணிக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது? கை கடுக்கத் தேய்ச்சாச்சு."

"எல்லா இடத்துலயும் தேய்ச்சீங்களா?"

"பின்னே? நல்லாத்தான் தேய்ச்சேன்!"

தாரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன மாதம் பள்ளிக்கு வந்த பல் டாக்டரிடம் அவளும் இதையேதான் சொன்னாள். டாக்டர் ஒரு சிவப்பு மாத்திரையை மெல்லச் சொல்லி, பிறகு பல் விளக்கச் சொன்னார். பிரஷ் படாத இடமெல்லாம் சிவப்பாகவே நின்று அவள் மானத்தை வாங்கியது.

ஓடிப்போய்ச் சிவப்பு மார்க்கரை எடுத்து வந்தாள். "கத்தியை அசையாம பிடிங்கப்பா. ஓரத்துல கலர் பூசறேன்."

"கத்திக்கு மேக்கப்பா?"

"பேசாம பிடிங்க. விரல் பத்திரம்."

"அட, நான் சொல்ல வேண்டியதையெல்லாம் நீ சொல்றே!"

பூசி முடித்ததும் அப்பா தகட்டில் சில தடவை தேய்த்தார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். மேல்பக்கம் சிவப்பு போயிருந்தது. விளிம்பை ஒட்டி ஒரு கோடு மட்டும் அப்படியே இருந்தது.

"பாருங்க, நீங்க விளிம்பு வரைக்கும் இன்னும் போகவே இல்ல!"

அப்பா வாயைப் பிளந்தார். கத்தியின் ஓரம் தடிமனாக இருந்தது. அதைத் தேய்த்து மெலிதாக்கிக்கொண்டே வந்தவர், விளிம்பை எட்டுவதற்குள் நிறுத்திவிட்டார்.

"நல்ல கத்தியா இருக்கறதாலதான் இந்தப் பாடு! லேசுல தேய மாட்டேங்குது."

தாரணி பூசுவதும் அப்பா தேய்ப்பதுமாக வேலை நடந்தது. சிவப்புக் கோடு ஒல்லியாகிக்கொண்டே போனது. சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், அம்மா இரண்டு தட்டையும் மூடி வைத்தார். இரண்டு பக்கமும் சிவப்பு முழுதாக மறைந்த பிறகு, அப்பா பழைய பெல்ட்டில் கத்தியை இழுத்து, ஒட்டியிருந்த பிசிறை எடுத்தார். தக்காளி சத்தமில்லாமல் இரண்டானது.

அப்பா கத்தியை மடக்கி எடுத்துக்கொள்ள, இருவரும் கீழே போனார்கள். ஆன்ட்டி ஓலைக்கட்டின் முன்னால், பழைய பிளேடோடு உட்கார்ந்திருந்தார்.

"டூப்ளிகேட் இல்லக்கா. நான்தான் பாதியில விட்டுட்டேன். கண்டுபிடிச்சது தாரணி."

ஆன்ட்டி கத்தியை ஓலையில் வைத்து இழுத்தார். ஓலை நூல் பிடித்தாற்போல நேராகப் பிரிந்தது. இன்னொன்றை நறுக்கினார். கழித்துப் போட்ட ஓலையையும் எடுத்து நறுக்கினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"டேய் விக்கி, உன்னை யாரும் ஏமாத்தலடா!"

ஜெர்மனியிலிருந்து தூக்கக் கலக்கத்தில் பதில் வந்தது. "என்னம்மா சொல்றே? என்னை யாரு ஏமாத்தினா?"

"யாரும் இல்லடா ராஜா. அதைத்தான் சொல்றேன்" என்றார் ஆன்ட்டி.