மிக்ஸி ஓடும் தெரு

காலை ஏழு மணிக்கு நீலவேணி நகரின் நாற்பது வீடுகளிலும் ஒரே நேரத்தில் மிக்ஸி ஓடும். சட்னிக்காக அல்ல. ஏழு மணிக்குத்தான் தெருமுனை ஒலிபெருக்கி ஏரி நிலவரம் சொல்லும், அது யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது. கோமளா ஜாரில் ஒரு கை பொட்டுக்கடலையைப் போட்டு, அறிவிப்பு முடியும்வரை ஓடவிடுவாள்.

ஐப்பசி பிறந்தால் கைப்பேசிகளையும் அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டுவிடுவார்கள். எல்லாம் செவிக்கல்லுக்குப் பயந்துதான். வெள்ளக் காப்பீடு வேண்டுமென்றால் கூடத்துச் சுவரில் அந்தக் கல்லைப் பதித்தாக வேண்டும். வீட்டில் கேட்பதெல்லாம் அதற்கும் கேட்கும். பத்திரத்தின் பதினோராவது விதி இதுதான்: எதிர்பாராத வெள்ளத்துக்கே இழப்பீடு. வருகிறது என்று வீட்டுக்காரர் கேள்விப்பட்டது கல்லில் பதிவானால் அது ‘முன்னறி வெள்ளம்’, உடைமைகளைக் காப்பது அவர் பொறுப்பு. சுவரையும் தரையையும் எப்படித் தூக்கிப் பரண்மேல் வைப்பது என்று விதி எழுதிய புண்ணியவான் சொல்லவில்லை.

“ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா மேடம்? மனசுல ஏதாவது கவலையா?” என்று கல் குழைந்தது.

“எனக்கென்ன கவலை,” என்றாள் கோமளா. தினமும் போடும் தூண்டில் இது. மழையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால்கூட அது குறித்துக்கொள்ளும் என்று அவளுக்குச் சந்தேகம்.

எதிர்வீட்டு ஹமீது பாய்க்கு அப்படித்தான் போயிற்று. போன வருஷம் அவர் மச்சான் கூடத்தில் நின்றுகொண்டு, “ஏரியத் திறக்கப் போறாங்களாம்” என்று உளறிவைத்தான். மறுநாள் வெள்ளம். காப்பீடு கைவிரித்துவிட்டது. பாய் இப்போது பாழடைந்த வீட்டின் மொட்டைமாடியில், தகரக் கொட்டகையில் காலம் தள்ளுகிறார். அதிலிருந்து கோமளா அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. தனக்குப் போனது மற்றவர்களுக்கும் போகட்டும் என்று கறுவிக்கொண்டிருப்பார் என்பது அவள் எண்ணம். இந்த வீடும் போய்விட்டால் அவளுக்கும் கணவர் சிதம்பரநாதனுக்கும் போக்கிடம் கிடையாது.

சிதம்பரநாதன் குடையை எடுத்தார். “பிரஷர் மாத்திரை தீந்துடுச்சு. சப்வேக்கு அந்தாண்ட போயி வாங்கிட்டு வந்துடறேன்.”

வானம் கறுத்துக்கிடந்தது. ‘இன்னிக்குப் போகாதீங்க’ என்று நாக்கு நுனிவரை வந்தது. ஏன் என்று கல் கேட்குமே! “சீக்கிரம் வாங்க,” என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கல்லை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

அவர் போய் ஒரு மணி நேரத்தில் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. யாரோ ஜன்னலைப் படபடவென்று தட்டினார்கள். ஹமீது பாய்.

“தங்கச்சி! கோமளா தங்கச்சி! உங்க...”

பாய்ந்துபோய் மிக்ஸியைப் போட்டாள். வருஷம் பூராவும் இதற்காகத்தான் காத்திருந்திருக்கிறான் பாவி மனுஷன்! அவர் இரண்டு கைகளையும் ஆட்டி என்னவோ காட்டினார். திரையை இழுத்து மூடினாள். மிக்ஸி சூடேறிக் கருகல் வாடை வந்தது. அப்போதும் அவள் நிறுத்தவில்லை. அது தானாக நின்றபோது வெளியே யாரும் இல்லை.

அரை மணியில் வாசற்படியைத் தாண்டி வெள்ளம் நுழைந்தது. முழங்காலளவு தண்ணீரில் ஃபிரிட்ஜ் சாய்ந்து மிதந்தது.

“எதிர்பாராத வெள்ளம் உறுதி,” என்றது கல். “உங்க காப்பீடு முழுசாச் செல்லும் மேடம். வாழ்த்துகள்.”

கோமளாவுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். கண்ணைத் துடைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். எதிர்மாடியில் பாய் உட்கார்ந்திருந்தார். மார்புவரை சேறு. உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன.

“என்ன பாய், என் குடியக் கெடுக்கத்தானே வந்தீங்க?” என்று கத்தினாள்.

பாய் நிமிர்ந்து பார்த்தார். “சப்வேல தண்ணி பூந்துடுச்சும்மா. அண்ணன் கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னாரு. உங்க மாடியில கிடக்கிற கயித்தக் கேக்க வந்தேன்.”

கயிறு அவள் காலருகே சுருண்டு கிடந்தது.

“இப்ப எங்க அவரு?”

பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

“பாய், சொல்லுங்க. எதுவா இருந்தாலும் கேட்டுக்கறேன். வாயத் தொறந்து சொல்லுங்களேன்!”

அவர் கிழிந்த உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார்.