ஆறுசுவர்

கணவர் சிங்காரம் இறந்தது அவிட்ட நட்சத்திரத்தில் என்று தெரிந்ததும், தைலம்மை அழுகையை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள்.

“வாசல் வழியா எடுக்கக் கூடாது. சுவத்த உடைச்சுத்தான் எடுக்கணும். அவருக்குத் திரும்பி வர்ற வழி தெரியக் கூடாது.”

வேதநாயகிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அம்மாவுக்கு இருந்தது. வாசல் வழியாக எடுத்தால் இனி இந்த வீட்டில் ஒரு பொழுதும் அவள் நிம்மதியாகக் கண் மூட மாட்டாள். முறைப்படி எடுத்துவிட்டால், அவர் இறந்த அறையை ஆறு மாதம் பூட்டி வைத்துவிட்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவாள்.

வழக்கமான சுவராக இருந்தால் இரண்டு ஆள் போதும். இதுவோ ஆறுசுவர். பெரும்புயல் பாதி ஊரை வாரிக்கொண்டு போனபின், கடலோர மண்டலத்தில் வெளிச்சுவர் எல்லாம் இந்த வகையில்தான் கட்டவேண்டும் என்று விதி வந்தது. பார்க்கச் சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளையாக இருக்கும், உள்ளே உயிருண்டு. விரிசல் விட்டால் புண் ஆறுவதுபோலத் தானே ஆறிக் கூடிக்கொள்ளும். ஆணி அடித்தால் மேலே வளர்ந்து விழுங்கிவிடும். நகராட்சியில் பதிந்த வரைபடத்தில் என்ன வாசல், என்ன ஜன்னல் உண்டோ அதை மட்டும் விட்டுவைக்கும்; மற்ற ஓட்டை எல்லாம் அதற்குக் காயம்தான். காயம் இருக்கும்வரை வாசலுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும், ஆறினால் பச்சை.

முதலில் வீட்டுக்கு வீடு உறக்கச்சாவி என்று ஒன்று கொடுத்திருந்தார்கள். அதைத் திருகினால் சுவர் கொஞ்ச நேரம் தூங்கும், வேலையை முடித்துக்கொள்ளலாம். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? சுவரைத் தூங்கவைத்துத் தெருப்பக்கம் பெட்டிக்கடை திறந்தார்கள். மண்டல ஆய்வாளர் வேதநாயகிதான் சாவியை ஒழிக்கச் சொல்லி எழுதினாள். ஒழித்தார்கள். அவளுக்குப் பாராட்டும் கிடைத்தது.

இப்போது அவளே அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தது உதவியாளர் அருளானந்து.

“ஒரு சாவி கூடவா இல்ல?”

“இல்ல மேடம். சாவு, கல்யாணம் எதுக்குமே விலக்கு கூடாதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க.” அவன் குரலில் குத்தல் இல்லை, அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

போன வருஷம் மீன்காரப் பர்வதம் இதே அவிட்டத்துக்காக அலுவலகத்தில் வந்து நின்றாள். “வாசல் இருக்குல்லம்மா, அது வழியா எடுத்துட்டுப் போங்க” என்று வேதநாயகி முகத்தைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாள். பர்வதம் வீட்டார் சுவரை உடைத்தே எடுத்துப் போனார்கள். டீ குடிக்கும் நேரம் ஆனது சுவர் மூட. வேதநாயகி அபராதம் போட்டாள். ஆள் அகல ஓட்டைகள் கள்ளவாசலாகின்றன, சுவர்கள் இவற்றைத் தனியாகக் கவனிக்கவேண்டும் என்று மேலே எழுதியும் அனுப்பினாள். அதற்குப்பின் சுவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவள் விசாரிக்கவே இல்லை.

“டீ குடிக்கிற நேரம் இருக்கு. அதுக்குள்ள எடுத்துடலாம்” என்றாள் தம்பியிடம்.

கடப்பாரைகள் இறங்கின. விளக்கு சிவந்தது. ஓட்டை விழுந்ததும் தெருவில் பறை முழங்கியது. கால்மாடு முன்னே போகப் பாடையைத் தூக்கினார்கள். முன்னால் இருந்த இருவரும் வெளியே இறங்கிவிட்டார்கள்.

அப்போது ஓட்டை சுருங்கியது.

நான்கு பக்கமும் பிசைந்த மாவாய்ப் பிதுங்கி வந்து, சிங்காரத்தின் இடுப்பைப் பற்றி, பற்றிய இடத்திலேயே இறுகியது. “இழுங்கடா” என்று தம்பி கத்தினான். வெளியே இருந்தவர்கள் இழுத்தார்கள், மூங்கில்தான் முறிந்தது. அவர்கள் கையை விட்ட பிறகு, ஆணியை மூடுவதுபோல, கால்கள்மீது வெள்ளை மெல்ல ஏறியது. வேதநாயகி கடப்பாரையைப் பிடுங்கி ஓங்கினாள். எங்கே அடித்தாலும் அப்பாமேல் படும். கீழே போட்டாள். பக்கத்தில் வேறு ஓட்டை போட்டுப் பார்த்தார்கள். கடப்பாரையை உருவுவதற்குள் அது மூடிக்கொண்டது.

பறை நின்றுவிட்டது. தெருப்பக்கம் சுவரில் புதிதாக ஒரு வெள்ளை மேடு நீட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் பர்வதமும் நின்றாள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் திட்டியிருக்கலாம் என்று வேதநாயகிக்குத் தோன்றியது.

வாசலுக்கு மேலே விளக்கு பச்சையானது.

அருளானந்து திரும்பக் கூப்பிட்டான். “மேடம், உங்க வீட்டு முகப்பு எல்லைக்கோட்டைத் தாண்டி நீட்டியிருக்குன்னு இங்க காட்டுது. எதாவது கட்டுறீங்களா?”

அவள் போனை அணைத்துவிட்டு அறைக்குள் போனாள். இடுப்புக்கு மேலே அப்பா சுவரிலிருந்து உள்ளே நீண்டிருந்தார். நெற்றியில் வைத்த காசு இன்னும் விழவில்லை. தைலம்மை கீழே உட்கார்ந்து அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருந்தாள். பூட்டி வைப்பதற்காக எடுத்த பூட்டும் சாவியும் பக்கத்தில் கிடந்தன.

“நாயகி,” என்றாள், தலையைத் தூக்காமல். “போனவரு திரும்பக் கூடாதுன்னுதான் அறையப் பூட்டணும். இவரு போகவே இல்லையே. நான் இப்ப என்ன செய்யட்டும்?”