ஆறு விலகிப்போன தெரு

தையல் மிஷினை நிறுத்திய பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. தெருப்பக்கச் சுவரில் யாரோ ஈரத்துணியை அறைவதுபோல, சளக், சளக் என்று. தையற்காரி சுவரில் காதை வைத்தாள்.

தண்ணீர்.

இங்கே ஏது தண்ணீர்? ஒரு காலத்தில் இந்தத் தெருதான் துறைமுகமாம். கப்பல்கள் வாசலிலேயே வந்து நிற்குமாம். துறையை மண்ணால் தூர்த்துவிட்டு ஆறு ஊருக்கு வெளியே விலகிப்போய் எத்தனையோ தலைமுறை ஆயிற்று. பழைய கிடங்குகளை வீடாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். லாரி ஓட்டும் கணவனோடு அவள் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊர் நல்ல ஊர்தான். பகலில் வலியக் கூப்பிட்டுப் பேசும். சாயங்காலம் பனி இறங்கினால் மட்டும் சொல்லிவைத்தாற்போல் கதவுகள் சாத்திக்கொள்ளும்.

இன்றும் பனி இறங்கிக்கொண்டிருந்தது. சேறும் தாரும் ஊறிய மரமும் கலந்த ஒரு நாற்றம் ஜன்னல் வழியே கசிந்து, அவள் தைத்து மடித்து வைத்திருந்த புதுத்துணிகளில் ஏறி, மெல்ல அவள் தொண்டைக்குள்ளும் இறங்கியது. கணவன் வெளியூரில். மாடிக்கு ஓடினாள். வீட்டுக்காரம்மா கதவைத் திறக்கவில்லை.

"அக்கா, தெருவுல தண்ணி சத்தம் கேக்குதுக்கா."

"கேக்கும். ஜன்னலச் சாத்திட்டுப் பேசாம இரு."

"என்னன்னாவது சொல்லுங்கக்கா. ஈரக்கொல நடுங்குது."

வீட்டுக்காரம்மாவின் குரல் கதவருகே வந்தது.

"அந்தக் காலத்துல காய்ச்சல் கண்ட சனங்களோட ஒரு படகு வந்துச்சாம். கயிறு போடுங்கன்னு கெஞ்சுனாங்களாம். எங்க பாட்டன் பூட்டனெல்லாம் கதவச் சாத்திக்கிட்டாங்க. புள்ளகுட்டியோட வாசல்லயே முழுகிப்போச்சு. அதுக்கப்புறம்தான் ஆறு இந்த ஊர விட்டுப் போச்சு. யார் எது கேட்டாலும் குடுத்துராத."

கீழே வந்தாள். ஜன்னல் கதவில் கை வைத்தபோது, விளிம்புக்குக் கீழிருந்து ஒரு குழந்தை இருமியது.

"கயிறு போடும்மா."

என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஜன்னலைச் சாத்தக் கை வரவில்லை. மறுபடி இருமல். மூச்சு முட்டும் இருமல். பிள்ளை பெறாத வயிறுதான். ஆனாலும் பற்றி எரிந்தது. கொடியில் கிடந்த புடவையை உருவி, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை வெளியே வீசினாள்.

புடவை விறைத்தது. சின்ன பாரம்.

"ஏறி வா கண்ணு."

பாரம் கூடியது. இன்னொரு இருமல். இன்னொன்று. பெரியவர்களின் இருமல். கம்பி முனகியது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நனைந்து இறுகியிருந்தது. கத்தரியை எடுத்தாள். வழுக்கியது. அஸ்திவாரத்தில் ஏதோ அறுந்தது.

தரை ஆடியது.

எதிர்வீட்டு விளக்கு நகர்ந்தது. இல்லை, படகுபோல் மிதந்து நகர்வது இவள் வீடுதான். அடுத்த வீடு. அதற்கடுத்தது. மாடியில் வீட்டுக்காரம்மா கதவை இடித்து அலறினாள். தெருக்கோடியில் மளிகைக்காரர் ஜன்னலில் நின்றார். பகலில் வாய் நிறையத் தங்கச்சி என்பவர்.

"அண்ணே! அண்ணே!"

அவர் அவளைப் பார்த்தார். விளக்கை அணைத்தார்.

பிறகு வீடுகள் இல்லை. பனி. அகலமான கருந்தண்ணீர். அதில் புடவையைப் பற்றி இழுத்தபடி, வரிசையாக நீந்திப் போகும் தலைகள். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.