கல்லீரல் கட்டியும் காலி டம்ளரும்

போன் அலறியது!

சென்னகிருஷ்ணன் அப்போதுதான் டம்ளரைக் கீழே வைத்தான். காலி டம்ளர். விஷம் கலந்த மாம்பழ ஜூஸ் தொண்டையைத் தாண்டியிருந்தது.

எதிரே பங்காளி சிவராஜ். அவன் டம்ளர் இன்னும் தளும்பிக்கொண்டிருந்தது...

சென்னகிருஷ்ணனின் மாந்தோப்புக்குப் போகும் வழியை மறித்து வேலி போட்டவன்!

ஓசூர் ஃபேக்டரியில் லேத் ஓட்டும் சென்னகிருஷ்ணனுக்குப் போன வாரம் ஸ்கேனில் இடி விழுந்தது. கல்லீரலில் கட்டி. புற்றுநோய் என்றார்கள். சாகத்தான் போகிறோம்... தனியாக ஏன் சாக வேண்டும்? ராசியாகலாம் என்று ஜூஸோடு சிவராஜ் வீட்டுக்கு வந்துவிட்டான்.

சண்டை போட்ட பங்காளிகள் ராசியானால், கொண்டுவந்தவன்தான் முதலில் குடிக்க வேண்டும். அவர்கள் குடும்ப வழக்கம். குடித்துவிட்டான்!

போனை எடுத்தான்.

"சார், பெங்களூர்லேர்ந்து டாக்டர் பிரவீனா. உங்க எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்தாச்சு. சொல்பமும் பயம் வேணாம்!"

"இனிமே என்னாத்துக்கு மேடம் பயம்..."

"கேன்சரே இல்ல சார்! அது ஹெமாஞ்சியோமா. ரத்தக்குழாய்ங்க சுருண்டு உருண்டையா நிக்குது, அவ்வளவுதான். மொத ஸ்கேன்ல கேன்சர் மாதிரி தெரிஞ்சிருக்கு. நீங்க பேரன் பேத்தி எடுக்கலாம்!"

போன் நழுவி விழுந்தது.

"அய்யோ! அண்ணா, குடிக்காத! விஷம்! நான் குடிச்சிட்டன்... காரை எடுண்ணா, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்கு வுடு!"

சிவராஜ் தன் டம்ளரை உற்றுப் பார்த்தான்.

"ஏன்டா... இது எனக்கு ஊத்துனதுதானே?"

"அதெல்லாம் வண்டியில பேசிக்கலாம்ணா! வயிறு எரியுது! கண்ணு இருட்டுது!"

"ஒண்ணும் இருட்டாது. எந்திரி மாமா!"

வாசலில் சென்னகிருஷ்ணனின் மனைவி காவியா!

"டப்பாவ நேத்தே பாத்துட்டன். நோவுக்குப் பயந்து நீ போய்ச் சேரப் பாக்கறன்னு நெனச்சி, பூச்சி மருந்தைக் கொட்டிட்டு குளுக்கோஸ் ரொப்பி வெச்சன்."

"அப்ப... நான் சாக மாட்டனா?"

"மாட்ட!"

துள்ளிக் குதித்தான் சென்னகிருஷ்ணன். நோயும் இல்லை! விஷமும் இல்லை!

"ரொம்ப சந்தோஷம்டா தம்பி..."

சிவராஜ் ஜூஸை நிதானமாகக் குடித்து முடித்தான். வாயைத் துடைத்தான். கதவைத் தாழிட்டான்.

வேட்டியை மடித்துக் கட்டினான்!

சாயங்காலம், கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கல்லீரல் பத்திரமா இருக்கு. விலா எலும்புதான் மூணு உடைஞ்சிருக்கு."

கட்டிலில் கிடந்த சென்னகிருஷ்ணன் முனகினான்.

"மொத ஸ்கேன்ல அப்படித்தான் டாக்டர் தெரியும்... எதுக்கும் பெங்களூர்ல ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துரலாமா?"