பத்துக்குப் பத்து

ணங்...!

பித்தளைக் கேடயம் இரண்டாவது முறை இறங்கியதும் போட்டோகிராபரின் அலறல் பாதியில் அறுந்தது.

மேஜை மேல் சரிந்தார். கேமரா தரையில் விழுந்தது. ரத்தம் விசிட்டிங் கார்டுகளை நனைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த பக்கமாக வந்தது.

கத்த வாயைத் திறந்தாள். பின்னாலிருந்து ஒரு கை பொத்தியது.

"மூச்...!"

மச்சான். முதலாளி மனைவியின் தம்பி. கம்பெனி வெப்சைட்டைக் கவனிப்பது, கம்பெனிக்கு ஆகாதவர்களைக் 'கவனிப்பது'... இரண்டுமே அவன் இலாகா!

முதலாளி கேடயத்தைத் திருப்பிப் பார்த்தார். 'தலைசிறந்த தீயணைப்புக் கருவி நிறுவனம்' என்று பொறித்திருந்தது. கடையில் சொல்லி அடித்து வாங்கிய விருது. விருதுதான் போலி, அடி அசல்!

கம்பெனிகளின் வெப்சைட்டை அலசி, நம்பலாமா கூடாதா என்று பத்துக்கு மார்க் போடுவது அவள் உத்தியோகம். இந்தக் கம்பெனிக்குப் போட்டது இரண்டு. முதலாளி அப்பீல் செய்தார். அப்பீல் என்றால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். போட்டோகிராபரைக் கூட்டிக்கொண்டு மதியம் வந்தாள்.

அவர் நேராகப் பின்பக்கம் போனார். பழைய சிலிண்டர்களுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த ஒற்றை அறையைப் பார்த்தார்.

"வெப்சைட்ல இருக்கற பெரிய ஃபேக்டரி எங்க சார்?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

"அய்யோ... அவருக்கு ரெண்டு குழந்தைங்க இருக்கு!" என்று விசும்பினாள்.

"உனக்கும் வீடு வாசல் இருக்குல்ல? அதை நினைச்சுக்க." முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே அமர்ந்தார். "உன் மார்க்கால ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஆர்டர் நிக்குது. ஒன்பதுக்கு மேல வந்தா இன்னிக்கே கையெழுத்துங்கறாங்க. மாத்து!"

ஆஸ்பத்திரி! எழுந்து ஓட முடியாத நோயாளிகள்... தீ பிடித்தால் கையில் இந்த டப்பா சிலிண்டர்! அவள் மறுப்பாகத் தலையசைத்தாள்.

"நான் மட்டும் மாத்தினா நிக்காது சார். இன்னொருத்தர் சைட்டைத் திறந்து பார்த்து, சரினு சொல்லணும்."

"யாரு அந்த இன்னொருத்தர்?"

"என் வீட்டுக்காரர்."

"அட, குடும்பத் தொழில்! அப்ப சுலபம்தான?"

"சுலபமில்ல சார். அவர் ரொம்ப நோண்டுவார்."

மச்சான் அவள் இடது சுண்டு விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினான்.

க்ளக்!

உலகமே ஒரு நொடி வெள்ளையாகிப் போனது.

"இன்னும் ஒன்பது இருக்கு. நோண்டினா எதெது மாட்டும்னு சொல்லு. நானே திருத்தறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஆனாலும் தொழில் ரத்தத்தில் ஊறிவிட்டதே... சொல்லச் சொல்ல எரிச்சல்தான் வந்தது!

"முப்பது வருஷ அனுபவம்னு போட்டிருக்கீங்க. சைட்டு ஆரம்பிச்சு நாலு மாசம்தான் ஆகுது."

"தூக்கிடறேன். அப்புறம்?"

"உங்க மேனேஜர்னு ஒரு பொண்ணு சிரிக்கிறா பாருங்க... அதே பொண்ணு ஒரு பல் டாக்டர் சைட்ல நர்ஸா சிரிக்கிறா. ஒரு டிராவல்ஸ்ல டிரைவராவும் இருக்கா!"

"ரொம்ப உழைப்பாளி போல!" என்று முனகியபடி மச்சான் அந்த 'மேனேஜரை' வேலையிலிருந்து நீக்கினான்.

"வாடிக்கையாளர் கடிதம் எல்லாம் ஒரே ஆள் எழுதினது. எல்லாத்துலயும் அதே 'மிக்க மிக்க மகிழ்ச்சி'!"

முதலாளி மச்சானை முறைத்தார்.

"நாலு லெட்டர் நானே யோசிக்கறது கஷ்டமா இருந்துச்சு மாமா..."

எல்லாம் சுத்தமானது. சைட் பளிச்சென்று வந்து நின்றது.

"போடு மார்க்கை. ஒன்பது கிடையாது. முழுசா... பத்து!"

தன் லேப்டாப்பில் வலது கையால் அடித்தாள். பத்து. அனுப்பினாள்.

போன் அலறியது! சைட்டில் கொடுத்திருந்த கம்பெனி நம்பருக்குத்தான் அழைப்பு.

முதலாளி ஸ்பீக்கரைத் தட்டினார். மச்சான் மேஜையிலிருந்த கத்தரிக்கோலை அவள் தொண்டையில் வைத்தான். "ஹலோ..." என்றாள்.

"நீயா எடுத்த? நம்பர் வேலை செய்யுதானு பார்க்கத்தான் அடிச்சேன்" என்றார் கணவர். "பத்து போட்டிருக்க?"

"ஆமாங்க. பத்து."

"ஒரு குறைகூட இல்லையா?"

"ஒண்ணுமே இல்லீங்க. எல்லாம் சரியா இருக்கு."

"சரிம்மா. நானும் ஓகே பண்ணிடறேன். பார்த்து வா."

டொக்.

"நோண்டுவார்னு சொன்ன... தங்கமான மனுஷன்!" முதலாளி கைதட்டினார்.

அவள் கண்ணில் நீர் முட்டியது. அவர் குரலைக் கடைசியாகக் கேட்டாகிவிட்டது என்றே நினைத்தாள்.

மீண்டும் போன். ஆஸ்பத்திரி!

"மார்க் பார்த்தோம், ரொம்ப சந்தோஷம். பெரிய டாக்டர்கிட்ட தர்றோம். லைன்லயே இருங்க."

சங்கீதம் ஒலித்தது. ஒலித்துக்கொண்டே இருந்தது... பெரிய டாக்டர் வருகிற வழியாக இல்லை.

முதலாளி ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு மச்சானிடம் கண்ணைக் காட்டினார். "முடிச்சுடு. ரெண்டு பேரும் திரும்பிப் போற வழியில வண்டி கவுந்துடுச்சு."

செத்தவரின் கேமரா வார் அவள் கழுத்தைச் சுற்றியது. இறுகியது. காதுக்குள் இரைச்சல்... கண்ணுக்குள் கறுப்பு...

துழாவிய கையில் ஒரு சிலிண்டர் தட்டுப்பட்டது. பின்னைப் பிடுங்கி, அவன் முகத்தை நோக்கி அழுத்தினாள்.

புஸ்ஸென்று காற்றுகூட வரவில்லை!

"அது வேலை செய்யாதும்மா!" என்று மச்சான் இளித்தான்.

வேலை செய்யாவிட்டால் என்ன, கனமாக இருந்ததே! இருந்த தெம்பையெல்லாம் திரட்டிப் பின்பக்கம் வீசினாள். தாடை பிளந்து, இரண்டு பல்லோடு மச்சான் சுவரில் போய் மோதினான்.

முதலாளி கேடயத்தை ஓங்கினார்.

தடால்...! கதவு பெயர்ந்து விழுந்தது. இன்ஸ்பெக்டர் சுட்டார். கேடயம் விழுந்தது, கூடவே முதலாளியின் கட்டை விரலும்.

பின்னாலேயே கணவர் ஓடி வந்தார். அவளை வாரி அணைத்தார். போட்டோகிராபரைப் பார்த்துவிட்டு இருவரும் வாய்விட்டு அழுதார்கள்.

விலங்கு பூட்டியும் முதலாளிக்கு மனசு ஆறவில்லை.

"எப்படிய்யா கண்டுபிடிச்ச? சைட்ல குறை இல்ல. போன்ல இவ உளறவும் இல்ல. அப்புறம் எப்படி?"

"அந்தப் பத்துதான் சார்" என்றார் கணவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இவ ஜென்மத்துல யாருக்கும் ஏழு மார்க்கைத் தாண்டினதில்ல. பத்துனு பார்த்ததுமே யாரோ கழுத்துல கத்தி வெச்சிருக்காங்கனு புரிஞ்சுபோச்சு. போலீஸுக்குச் சொன்னேன். மார்க் கேட்டிருந்த ஆஸ்பத்திரிக்கும் சொல்லி உங்களை லைன்ல நிறுத்தி வைக்கச் சொன்னேன். கட்டின புருஷன், எனக்கே ஆறரைதான் சார்!"

அவள் கன்றிப்போன கழுத்தைத் தடவிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"நெரிச்சு முடிக்கற நேரத்துலயா வர்றது? அரை மார்க் கட்!"